டக் கால் கஸ்டமா செஞ்சு வாங்கணுமா? என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

ராமநாதபுரத்துல நமக்குக் கடைசல் பட்டறை. அதுக்கு முன்னாடி கொஞ்ச வருஷம் அமெரிக்காவுல ஆர்க்கன்சா மாநிலத்துல வேலை, அங்க டக் கால், அதாவது வாத்து மாதிரி குரல் குடுத்து வேட்டைக்கு வாத்தைக் கூப்பிடுற ஊதல், அதக் கடையிற பெரியவங்க பட்டறையில உக்காந்து பாத்துப் பாத்து அந்த வித்தை கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. இது தெரிஞ்சதுலருந்து கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம், மண்டபம்னு நம்ம கரையோரத்துப் பசங்க அமெரிக்காவுல யாரெல்லாம் இருக்காங்களோ ஐப்பசி பொறந்தா போதும் வாட்ஸ்அப்ல ஆரம்பிச்சிருவாங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவரு வாத்து வேட்டைக்குக் கூப்பிடுறாரு, நல்ல கால் ஒண்ணு சொல்லி செய்யணும், எது எடுக்கட்டும்னு. ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப டைப் பண்ணி முடியல. அதான் கேட்டவங்க வார்த்தையிலயே கேள்வியப் போட்டு மொத்தமா எழுதிட்டேன். மேலருந்து வரிசையா படிங்க, பின்னாடி உள்ள பதிலெல்லாம் முன்னாடி சொன்னத வச்சுத்தான் ஓடும்.

அண்ணே, டக் கால்னா என்ன, விசிலா?

விசில் இல்ல. சின்ன வயசுல பூவரச இலையச் சுருட்டி நுனியக் கிள்ளிட்டு பீப்பீ ஊதுனோம்ல, அங்க இலையோட ஓரம் துடிச்சுத்தான் சத்தம் வருது, இங்க இலைக்குப் பதிலா மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் தகடு துடிக்குது. அதுக்குப் பேரு ரீட், பெரும்பாலும் மைலார்ல வெட்டுறாங்க.

வாய வைக்கிற பக்கம் பேரல், உள்ள சொருகுற பக்கம் இன்செர்ட். இன்செர்ட்டோட முனையில ஒரு நீளமான மேடை, நடுவுல வாய்க்கா வெட்டியிருக்கும், அதான் டோன் போர்டு. அதுமேல ரீட்டப் படுக்க வச்சு பின்பக்கம் ஒரு தக்கையால இறுக்கியிருப்பாங்க. ஊதுனா ரீட்டோட முனை டோன் போர்டுல பட்டுப் பட்டு எந்திரிக்கும், அந்த அடிதான் பொட்டை வாத்தோட குவாக். பேரல் வெடிக்காம இருக்க இன்செர்ட் சொருகுற பக்கம் ஒரு பித்தளைப் பூண் போடுவாங்க. மொத்த சாமானே இவ்வளவுதான், ஆனா வெல நூறு டாலர் இருநூறு டாலர்னு போறதுக்குக் காரணம் அந்த டோன் போர்டு, அதப் பத்தி கீழ நிறைய வரும்.

சாயல்குடி பக்கம் கண்மாய்ல கூட்டம் கூட்டமா வாத்து எறங்குதே, வாங்கி அங்க ஊதலாமா?

கூடாது. இந்தியாவுல வாத்து வேட்டைங்கிறதே கிடையாது, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தை 1991ல திருத்துனதோட அந்தக் கதை முடிஞ்சிருச்சு. துப்பாக்கியால சுடுறது மட்டும் வேட்டைன்னு நெனைக்காதீங்க, வலை போடுறது, இரை வச்சு இழுக்குறது, வெரட்டிப் புடிக்கிறது, அதுக்கு முயற்சி பண்றது எல்லாமே சட்டத்துல வேட்டை. மாட்டுனா 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம் இல்ல ரெண்டும், அதுவே சரணாலயத்துக்குள்ளன்னா குறைஞ்சதே 3 வருஷம், 7 வருஷம் வரைக்கும் போகும்.

நம்ம மாவட்டத்துல சரணாலயத்துக்கா பஞ்சம், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர், தேர்த்தங்கால், சக்கரக்கோட்டைன்னு கண்மாய்க்குக் கண்மாய் இருக்கு. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022ல ராம்சார்ங்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியல்ல வந்துச்சு, சக்கரக்கோட்டையும் தேர்த்தங்காலும் 2025ல. அதே 2025ல தனுஷ்கோடிய பூநாரைச் சரணாலயமா அறிவிச்சாச்சு. அதனால இந்தப் பக்கத்துல வேட்டைன்னு எங்க வந்தாலும் அது அமெரிக்காவுல, லைசன்ஸ் எடுத்து, சீசன்ல பண்றதப் பத்தித்தான். இங்க யாராச்சும் கடல்தாரா கறி கிடைக்குமான்னு கேட்டு எனக்கு மெசேஜ் போட்டா பதில் வராது.

கஸ்டம்னா என்ன பெருசா? கடையில இருபது டாலருக்கே தொங்குதே

கடையில தொங்குறது பாலிகார்பனேட், அச்சுல ஊத்தி எடுத்தது, ஆயிரம் பீஸ் எடுத்தாலும் ஒரே சத்தம். அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. முதமுதல்ல ஊதப் பழகுறவன் அதத்தான் வாங்கணும்னு நான் அடிச்சுச் சொல்லுவேன், ஏன்னா உங்க மூச்சு எப்பிடின்னு உங்களுக்கே தெரியாதப்ப உங்களுக்குன்னு ஒருத்தர் எதை வச்சு செய்வாரு?

கஸ்டம்னா ஒரு ஆள் லேத்துல கடைஞ்சு, டோன் போர்டை அரத்தால ராவி, ரீட்டை வெட்டி, தானே ஊதிப் பாத்து, மறுபடி ராவி, உங்க மூச்சுக்கும் நீங்க போற எடத்துக்கும் ஏத்தாப்ல சத்தத்தைக் கொண்டு வர்றது. இதுக்கு பொதுவா 150 டாலருக்கு மேல ஆகும். ஒண்ணக் கவனிங்க, மரம் பளபளன்னு இருக்கு, பேரு செதுக்கியிருக்கு, ஆனா உள்ள இருக்குற இன்செர்ட்டு மொத்தமா வாங்கிச் சொருகுனதுன்னா அது கஸ்டம் கால் இல்ல, கஸ்டம் சட்டை போட்ட கடைச்சரக்கு. டோன் போர்டை நீங்களே வெட்டுறீங்களான்னு நேரா கேட்டுருங்க, நல்ல மேக்கர் யாரும் கோவிச்சுக்க மாட்டாரு.

சிங்கிள் ரீட்டா டபுள் ரீட்டா? யூடியூப்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க

சிங்கிள் ரீட்ல ஒரே தகடு. கீழ மெதுவா முனகுறதுலருந்து மேல கத்துறது வரைக்கும் எல்லாம் அதுல வரும், தூரத்துல பறக்குற கூட்டத்தைக் கூப்பிடுற சத்தமும் அதுலதான் நல்லா ஏறும். ஆனா காத்தை நீங்கதான் அடக்கி ஆளணும், கொஞ்சம் கூடுனா கீச்சுன்னு கத்தும், கொஞ்சம் கொறைஞ்சா புஸ்ஸுன்னு போயிரும். டபுள் ரீட்ல ரெண்டு தகடு ஒண்ணுமேல ஒண்ணு, ரெண்டும் உரசுறதால அந்தக் கரகரப்பு தானா வந்துரும், நாம ஒண்ணும் பண்ண வேணாம். உச்சத்துக்கு ஏறாது, ஆனா தப்பாவும் கத்தாது. இன்னொண்ணு, ரெண்டு தகடுக்கு நடுவுல எச்சித் தண்ணி எறங்கி ஒட்டிக்கிற தொந்தரவு டபுள்ல ஜாஸ்தி, குளிர்ல அது உறைஞ்சும் போகும்.

வருஷத்துக்கு ரெண்டு தடவ ஃப்ரெண்டு கூட போறவன்னா டபுள் போதும், யோசிக்கவே வேணாம். தினமும் கொஞ்ச நேரம் ஊதிப் பழக ஆசை இருக்குன்னா சிங்கிள் எடுங்க. ஆசை மட்டும் இருக்கு நேரம் இல்லன்னா... டபுள்.

ரீட்டோட கனமும் கேளுங்க. 10 தௌ, 14 தௌன்னு சொல்லுவாங்க, அதாவது ஒரு இன்ச்சுல ஆயிரத்துல பத்து பங்கு, பதினாலு பங்கு. மெல்லிசு லேசான மூச்சுக்கே பேசும், கனமானதுக்கு நெஞ்சுல தெம்பு வேணும்.

மரத்துல எடுக்கவா அக்ரிலிக்ல எடுக்கவா?

அக்ரிலிக் அடர்த்தி ஜாஸ்தி, சத்தம் கூர்மையா, கணீர்னு, தூரம் போகும். தண்ணி குடிக்காது, வெயிலுக்கும் மழைக்கும் ஒரே மாதிரி இருக்கும், கழுவித் தொடைச்சா முடிஞ்சுது. மரம் சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கும், அதனால மென்மையா, உண்மையான வாத்துக்குக் கிட்டத்துல இருக்கும். கிட்ட வந்த வாத்துக்கு அக்ரிலிக்ல ஊதி வெரட்டி விட்டவங்க நிறைய பேரு.

மரத்துல இருக்குற சங்கடம் ஈரம். பேரல் ஊறிச்சுன்னா இன்செர்ட் இறுகிக்கும், காஞ்சா லூசாகி கழுத்துலருந்து கழண்டு தண்ணியில விழும். டோன் போர்டு மரமா இருந்து அதுல மயிரிழை ஊறுனாலும் சத்தம் மாறிரும். இதுக்குத்தான் நிறைய பேரு வெளிய மரம், உள்ள அக்ரிலிக் இல்லன்னா டெல்ரின்ங்கிற கெட்டி பிளாஸ்டிக் இன்செர்ட்னு கலந்து எடுக்குறாங்க, நான் சிபாரிசு பண்றதும் அதுதான். ஸ்டெபிலைஸ் பண்ண மரம்னும் ஒண்ணு விக்கிது, மரத்துக்குள்ள பிசினை ஏத்தி இறுக்கியிருப்பாங்க, ஊறாது, ஆனா சத்தம் பாதி அக்ரிலிக் பக்கம் போயிரும்.

மரத்துல வால்நட், செர்ரி எல்லாம் மென்மை. போடார்க்னு ஒரு மஞ்ச மரம் ஆர்க்கன்சா பக்கம் ரொம்ப இஷ்டம், கெட்டியானது. கோகோபோலோ, ஆப்பிரிக்கன் பிளாக்வுட் ரெண்டும் எண்ணெய்ப் பசையுள்ள கனமான மரம், சத்தம் பிரமாதம். அந்த ரெண்டும் நம்ம தோதகத்தி சாதி, 2017லருந்து அந்த சாதி மரமெல்லாம் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கு. அதனால ஒரு நாட்டுலருந்து இன்னொரு நாட்டுக்கு பார்சல்ல அனுப்புற எண்ணம் இருந்தா வால்நட்டோட நிறுத்திக்கங்க.

நம்ம ஊரு கருவைக் கட்டையில கடைய முடியாதா?

இந்தக் கேள்விக்காகவே காத்துக்கிட்டு இருந்தேன். முடியும், ஜோரா முடியும். சீமைக்கருவைய நாம வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விக்கிறோம், டெக்சாஸ்ல அதோட பங்காளி மரத்துக்கு மெஸ்கீட்னு பேரு, அதுல கடைஞ்ச காலுக்கு அங்க தனி மவுசு. ரெண்டும் கனமான கட்டை, காயும்போது ரொம்பச் சுருங்காது, அதான் கடைசலுக்குத் தோது. நல்லா காஞ்ச வயிரக் கட்டையா பாத்து எடுக்கணும், முள்ளுக் கணு வந்த எடத்துல உளி துள்ளும், வெள்ளைப் பக்கத்துல வண்டு ஓட்டை இருக்கும், அத ஒதுக்கிரணும். உப்புத்தாள் போட்டு எண்ணெய் தேச்சீங்கன்னா செம்பழுப்பு நெறத்துல ரேகை ஓடி வரும் பாருங்க, எரிக்க மனசு வராது. பூவரசும் கடையலாம், லேசா இருக்கும், சத்தமும் அடங்கித்தான் வரும்.

ஆனா பேரல் கடையிறது பெரிய வித்தையே இல்ல, நம்ம ஊர்ல கட்டில் கால் கடையிற யாரும் ஒரு மணி நேரத்துல தருவாங்க, உள்துளை 5/8 இன்ச்சு நேரா போகணும் அவ்வளவுதான். டோன் போர்டுலதான் ஆட்டம். ரீட் படுக்குற அந்த மேடை தட்டையா இருக்கக் கூடாது, முனைய நோக்கி லேசா வளைஞ்சு எறங்கணும். வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாத்தா ரீட்டுக்கும் மேடைக்கும் நடுவுல பின்னாடி ஒண்ணும் தெரியாம ஆரம்பிச்சு முனையில ஒரு தபால் கார்டு நுழையிற அளவுக்கு வெளிச்சம் விரியணும். அந்த வளைவு எங்க ஆரம்பிக்குதுங்கிறதுதான் சத்தம். எமரித் தாளை ஒரு இழுப்பு கூட இழுத்தா குரலே வேற ஆளு குரலாயிரும். அதனால முதல்ல கடையிறவங்க இன்செர்ட்டை வெலைக்கு வாங்கி, பேரலை மட்டும் கருவையில கடைஞ்சு போட்டுக்கங்க. அப்பிடிச் செஞ்சத கஸ்டம்னு சொல்லி வித்தா மேல மூணாவது பதில்ல சொன்ன ஆளு நீங்கதான்.

ஆர்க்கன்சா ஸ்டைல், ரீல்ஃபுட் ஸ்டைல், லூசியானா ஸ்டைல்னு போட்டிருக்கே, எதப் பாக்கணும்?

ரீல்ஃபுட்ங்கிறது டென்னசி மாநிலத்துல இருக்குற ஏரி. அங்க பொறந்த வகையில ரீட் உலோகத் தகடு, டோன் போர்டு நேரா இருக்கும், தகட்டை வளைச்சு சத்தம் கொண்டு வருவாங்க, ஊத நெஞ்சு வேணும். லூசியானா ஸ்டைல் மூங்கில் மாதிரி நாணல்தண்டுல செய்யிறது, லேசு, குரலும் சின்னது. ஆர்க்கன்சா ஸ்டைல்ல இன்செர்ட்டும் டோன் போர்டும் ஒரே கட்டையில வளைவோட வெட்டியிருக்கும், தக்கையால ரீட்டை இறுக்குவாங்க, இன்னைக்கு நீங்க பாக்குறதுல முக்காவாசி இந்த வகைதான். புதுசா வாங்குறவங்க ஆர்க்கன்சா ஸ்டைலோட நின்னுக்கங்க, மத்தது ரெண்டும் சேகரிக்கிறவங்களுக்கு.

சரித்திரத்துல ஆசை உள்ளவங்களுக்கு ஒண்ணு ரெண்டு சொல்றேன். டக் காலுக்கு முத பேட்டன்ட் 1870ல எலாம் ஃபிஷர்ங்கிறவரு வாங்குனது. பிலிப் ஓல்ட்டுன்னு இலினாய்ல பீக்கின் ஊர்க்காரரு 1904ல கம்பெனி ஆரம்பிச்சு கெட்டி ரப்பர்ல செஞ்ச டி-2ங்கிற மாடலுக்கு இன்னைக்கும் ஆளுங்க அலையிறாங்க, அது ஏன்னு கீழ கட்-டவுன் கேள்வியில பாருங்க.

மல்லார்ட் கால் ஊதுனா எல்லா வாத்தும் வருமா?

மல்லார்ட்ங்கிறது ஒரு காட்டு வாத்து சாதி. கஸ்டம் கால்னு விக்கிறது பெரும்பாலும் பொட்டை மல்லார்டோட குரல். அந்த சத்தமான குவாக் பொட்டைக்குத்தான், ஆம்பள மல்லார்ட் தொண்டை கட்டுன குரல்ல மெதுவாத்தான் பேசும். மத்த சாதி வாத்துகளும் அந்தக் குரலைக் கேட்டா இங்க கூட்டம் இருக்குன்னு எட்டிப் பாக்கும், ஆனா எல்லாத்துக்கும் அது பாஷை இல்ல.

நம்ம கண்மாயிலயே காது குடுத்துக் கேளுங்க தெரியும். புள்ளிமூக்கு வாத்து மல்லார்டுக்கு நெருங்கின சொந்தம், பொட்டை குவாக்னு அதே மாதிரிதான் கத்தும். ஊசிவால் வாத்துல ஆம்பளை சின்னதா சீட்டியடிக்கும். நீலச்சிறகி ஆம்பளை கட்டைய சீப்பால கீறுன மாதிரி கரகரக்கும். சீழ்க்கைச் சிறகிக்குப் பேர்லயே குரல் இருக்கு. இதுல ரெண்டாவதுக்கும் நாலாவதுக்கும் ரீட் வச்ச கால் உதவாது, விசில் வகைதான்.

நான் ஹூஸ்டன்ல இருக்கேன், ஆர்க்கன்சா ஃப்ரெண்டு வச்சிருக்கிறதையே ஆர்டர் பண்ணவா?

அவசரப்படாதீங்க. அவரு போறது வெள்ளம் நிக்கிற காடு, மரத்துக்கு மரம் நடுவுல முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு தலைக்கு மேல சுத்துற மல்லார்டைக் கூப்பிடுவாங்க. அங்க சத்தம் மரத்துல மோதி எதிரொலிக்கும், மெதுவா பேசுற கால் வேணும், மரக்கட்டைக் கால் அங்க ராஜா. நீங்க இருக்குறது கடற்கரை. நம்ம வாலிநோக்கம், காரங்காடு பக்கம் போனா கண்ணுக்கு எட்டுன வரைக்கும் உப்புத் தண்ணியும் சேறும், காத்து நிக்காம அடிக்கும், ஒருத்தர் கூப்பிட்டா பத்தடி தள்ளி நிக்கிறவனுக்குக் கேக்காது. டெக்சாஸ் கரையும் திறந்த வெளிதான். அங்க அக்ரிலிக் வேணும், காத்தைக் கிழிச்சுப் போற சத்தம் வேணும்.

அதுவும் போக உங்க பக்கம் ஊசிவாலும் டீல்ங்கிற சின்ன சாதி வாத்தும் ஜாஸ்தி. முந்தின பதில்ல சொன்னபடி பாத்தா உங்களுக்கு முதல்ல வேண்டியது பத்து இருபது டாலர் விசில். அத வாங்கிட்டு அப்புறம் கஸ்டத்துக்கு வாங்க.

மேக்கர்கிட்ட என்ன சொல்லி ஆர்டர் குடுக்குறது? கலர் மட்டும் கேட்டுட்டு விட்டுட்டாரு

கலர் மட்டும் கேக்குறவர்கிட்ட ஆர்டர் குடுக்காதீங்க. நல்ல மேக்கர் உங்கள விசாரிப்பாரு, எந்த ஊரு, காடா வெட்ட வெளியா நெல்லு வயலா, எத்தன வருஷமா ஊதுறீங்க, இப்ப எது வச்சிருக்கீங்க, அதுல என்ன புடிக்கல. இந்தக் கடைசி கேள்விக்குத்தான் நீங்க தயாரா போகணும். "நல்ல சத்தம் வேணும்"னு சொன்னா அவருக்கு ஒண்ணும் புரியாது. "இப்ப இருக்குறதுல மெதுவா ஊதுனா பேச மாட்டேங்குது", "அஞ்சாவது குவாக்குக்குள்ள எனக்கு மூச்சு வாங்குது", "உச்சத்துல ரீட் பூட்டிக்குது"ன்னு சொல்லுங்க, அவரு கை தானா அரத்துக்குப் போயிரும். முடிஞ்சா இப்ப இருக்குற கால்ல நீங்க ஊதுறத போன்ல பதிவு பண்ணி அனுப்புங்க, அத விட நல்ல அளவு கிடையாது.

அப்புறம் நீங்க கேக்க வேண்டியது. சத்தம் ஒத்து வரலன்னா திருப்பி அனுப்புனா ட்யூன் பண்ணித் தருவீங்களா, கூலி உண்டா? அதே அளவுல வெட்டுன ஸ்பேர் ரீட்டும் தக்கையும் கூட வருமா? எத்தன மாசம் ஆகும்? ஆர்க்கன்சால சீசன் நவம்பர் கடைசியில தொடங்கும், செப்டம்பர்ல போய் நின்னா அவரு சிரிப்பாரு, பிப்ரவரி மார்ச்லயே சொல்லி வச்சிரணும். பேரு செதுக்குறது, பூண்ல பூ வேலை, கழுத்துக் கயிறு எல்லாம் பேச்சு முடிஞ்சப்புறம் கடைசியா.

மேக்கர் போட்ட சவுண்ட் கிளிப் கேட்டேன் காக்கா, சூப்பரா இருந்துச்சு, அதையே எடுத்துரவா?

அது அவரு மூச்சு தம்பி. முப்பது வருஷமா ஊதுறவரு கையில குப்பைக் காலும் பேசும். போன் மைக் வேற சத்தத்தைச் சமன் பண்ணிரும், மெதுவா ஊதுனதும் கத்துனதும் ஒண்ணா கேக்கும். கிளிப்ல ஒண்ணே ஒண்ணு பாருங்க, ரொம்ப மெதுவா ஊதுற எடத்துலயும் குரல் உடையாம இருக்கான்னு.

வாங்கிட்டேன், ஊதுனா கீச்சு கீச்சுன்னுதான் வருது, ஏமாந்துட்டேனா?

அநேகமா கால் நல்லாத்தான் இருக்கும், நீங்க பலூன் ஊதுற காத்தை விடுறீங்க. கன்னத்துலருந்து ஊதக் கூடாது, வயித்துலருந்து வரணும். மூக்குக் கண்ணாடி தொடைக்க வாயத் தொறந்து 'ஹா'ன்னு சூடா ஒரு காத்து விடுவோம்ல, அந்தக் காத்துதான் வேணும், அத நாக்கால தொண்டையால வெட்டி வெட்டி விடணும். 'வாக்'னு சொல்லிப் பாருங்க, கடைசி 'க்'ல காத்து டக்குனு நிக்கிதா, அந்த நிப்புதான் குவாக்கை முடிக்கிறது. முடிக்காம இழுத்தா கார் ஹாரன்.

முதல்ல ஒரே ஒரு குவாக், சுத்தமா வர்ற வரைக்கும். அப்புறம் அஞ்சு குவாக், மொதல்ல நீளமா சத்தமா ஆரம்பிச்சு ஒண்ணுக்கொண்ணு எறங்கிக்கிட்டே வரணும். தீனி தின்னும்போது முனகுற சத்தத்துக்கு 'டிக்கெட் டிக்கெட்'னு மெதுவா சொல்லி பழகச் சொல்லுவாங்க, நம்ம வாய்க்கு 'தக்கிட தக்கிட' இன்னும் நல்லா ஒக்காருது. கையால பின் துளைய மூடித் தொறந்தா குரல் தூரம் போறதும் கிட்ட வர்றதுமா மாறும். டபுள் ரீட் வச்சுக்கிட்டும் ஒரு வாரத்துல குவாக் வரலன்னா அப்ப மேக்கருக்கு எழுதுங்க.

ரீட் ஒட்டிக்குது, பாதியில சத்தம் நின்னுருது

எச்சி எறங்கியிருக்கும், இல்லன்னா பாக்கெட்ல கிடந்த பொட்டுக்கடலைத் தூள் மாட்டியிருக்கும், நிஜமா பாத்திருக்கேன். இன்செர்ட்டை வெளிய எடுத்து, ரீட்டுக்கு அடியில பல்லு சுத்தம் பண்ற நூலையோ ஒரு ரூபா நோட்டையோ சொருகி வழிச்சு எடுங்க. ரீட்டைக் கழட்டாம செய்யப் பாருங்க. கழட்டித்தான் ஆகணும்னா முதல்ல ரீட் எங்க நிக்கிது, தக்கை எங்க நிக்கிதுன்னு ஊசியால சின்னக் கோடு போட்டு போட்டோவும் எடுத்துக்கங்க. ரீட் கொஞ்சம் முன்ன பின்ன போனாலும் நீங்க காசு குடுத்து வாங்குன குரல் போயிரும்.

கடற்கரையில ஊதுனா வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில அலசுங்க. உப்பு காஞ்சா டோன் போர்டுல வெள்ளைப் பொடியா உக்காந்துக்கும். மரக் காலைத் தண்ணியில முக்காதீங்க, ஈரத்துணியால தொடைச்சு, இன்செர்ட்டையும் பேரலையும் பிரிச்சு வச்சுக் காய விடுங்க, டேஷ்போர்டு மேல வெயில்ல இல்ல.

ரீட்டை நானே வெட்டி ட்யூன் பண்ணிக்கலாமா?

முனைய வெட்டுனா ரீட் குட்டையாகும், குரல் மேல ஏறும். மூலை ரெண்டையும் லேசா கிள்ளுனா ஒட்டிக்கிறது கொறையும். இது ரெண்டும்தான் வீட்டுல செய்யக் கூடிய வேலை, மயிரிழை மயிரிழையா, ஒவ்வொரு வெட்டுக்கும் ஊதிப் பாத்து. வெட்டுனத ஒட்ட முடியாது, அதனால ஆர்டர் பேசும்போதே ஸ்பேர் ரீட் கேளுங்கன்னு சொன்னது. டோன் போர்டுல மட்டும் எந்தக் காரணத்துக்கும் எமரி படக் கூடாது, பட்டுச்சுன்னா மேக்கரே கைய விரிச்சிருவாரு.

கட்-டவுன்னு ஒண்ணு சொல்றாங்களே, அத வாங்கவா?

மேல சொன்ன ஓல்ட் டி-2 இருக்குல்ல, அதோட டோன் போர்டையும் ரீட்டையும் ஆர்க்கன்சாக்காரங்க குட்டையா அறுத்து ஊத ஆரம்பிச்சாங்க, அதுலருந்து வந்த பேரு. குரல் முரட்டுத்தனமா, தொண்டை கிழியிற மாதிரி, ரொம்ப சத்தமா வரும். ஊதுறதுக்கு மூச்சும் முகத் தசையும் வேற விதமா வேணும். இப்ப மேக்கர்ங்க அந்த வகைய புதுசாவே கடைஞ்சு தர்றாங்க. சிங்கிள் ரீட்ல கை தேர்ந்தவங்க மட்டும் போங்க.

போட்டியில ஜெயிச்ச கால்னு விளம்பரம் பண்றாங்க, நல்லதுதானே?

போட்டிக்கு நல்லது. ஆர்க்கன்சால ஸ்டட்கார்ட் ஊர்ல 1936லருந்து உலகச் சாம்பியன் போட்டி நடக்குது, மேடையில ஏறி 90 வினாடிக்குள்ள கூப்பிடுறது, திரும்ப அழைக்கிறது, தீனிச் சத்தம் எல்லாத்தையும் ஊதிக் காட்டணும். கேக்குறது வாத்து இல்ல, நடுவருங்க. அதுக்குன்னு செய்யிற கால் உச்சியில கணீர்னு ஏறும், வேட்டைக்கு வேண்டிய அடிக்குரல்ல சோப்ளாங்கியா இருக்கும். அந்த மொத வருஷப் போட்டியில ஜெயிச்ச தாமஸ் வால்ஷ் காலே ஊதல, வெறும் தொண்டையில கத்தித்தான் ஜெயிச்சாரு, பரிசு ஒரு வேட்டைக் கோட்டு. விளம்பரத்தைப் பாக்கும்போது அவர நெனைச்சுக்கங்க.

இவ்வளவு செலவு எதுக்கு மச்சான், போன்ல சத்தத்தை டவுன்லோடு பண்ணி ப்ளூடூத் ஸ்பீக்கர்ல விட்டா என்ன?

அமெரிக்காவுல வாத்து வேட்டைக்கு பதிவு பண்ண சத்தத்தை ஒலிக்க விடுறது மத்திய சட்டப்படி குத்தம். முன்னாடி உசிரோட வாத்தைக் கட்டிப் போட்டுக் கூட்டத்தை வரவழைப்பாங்க, 1935ல அதையும் தடை பண்ணியாச்சு. அதனாலதான் வாயால ஊதுற காலுக்கு அங்க இவ்வளவு மரியாதை. இங்க ஸ்பீக்கர் கட்டி வலை விரிக்கிறவங்களுக்கு ரெண்டாவது பதில்ல உள்ள ஜெயில்தான்.

நான் ஹெச்1பி-ல இருக்கேன், துப்பாக்கி தொட மாட்டேன், கூடப் போய் கால் மட்டும் ஊதுனா லைசன்ஸ் வேணுமா?

மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேற, கூட நின்னு உதவி பண்றதையும் வேட்டைன்னு எடுத்துக்கிற எடம் உண்டு. அந்த மாநில வனத்துறைக்கு ஒரு ஃபோன் போடுங்க, இல்லன்னா பேசாம லைசன்ஸ் எடுத்துருங்க. 16 வயசு முடிஞ்சு வாத்து சுடுற எல்லாரும் டக் ஸ்டாம்ப்னு மத்திய அரசோட வாத்து வேட்டை வில்லை வாங்கணும், 25 டாலர். ஆர்க்கன்சால 1969லயோ அதுக்குப் பின்னாடியோ பொறந்தவங்க வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடிச்சிருக்கணும்.

துப்பாக்கி விஷயம் விசாக்காரங்களுக்குப் பெரிய விவகாரம். ஹெச்1பி மாதிரி தற்காலிக விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியக் கையில வச்சிருக்கவே பொதுவா தடை, செல்லுபடியாகுற வேட்டை லைசன்ஸ் இருந்தா விலக்கு. "சும்மா ஒரு நிமிஷம் புடி"ன்னு ஃப்ரெண்டு நீட்டுனா கூட லைசன்ஸ் இல்லாம வாங்காதீங்க, கிரீன் கார்டு கனவுல மண்ணு விழும். கால் மட்டும் கையில இருக்கட்டும்.

ஊருக்கு வரும்போது கொண்டு வந்தா மாட்டுவேனா? தேர்த்தங்கால்ல புள்ளிமூக்கு வாத்தைக் கூப்பிட்டு நல்ல போட்டோ ஒண்ணு எடுக்கலாம்னு...

கால் வச்சிருக்கிறது குத்தம் இல்ல, அது ஒரு ஊதுற சாமான். சரணாலயத்துல ஊதுறதுதான் குத்தம், அங்க உள்ள உசிரைச் சீண்டுறதே அதே 1972 சட்டப்படி தப்பு, வேட்டை நோக்கம் இருக்கணும்னு கூட இல்ல. நீங்க போட்டோவுக்குத்தான்னு சொல்லுவீங்க, கழுத்துல டக் கால் தொங்குறதப் பாத்த வனக்காவலரு நம்பணுமே. மேல சொன்ன மாதிரி புள்ளிமூக்குக்கும் மல்லார்டுக்கும் குரல் ஒண்ணுங்கிறதால வாத்து நிஜமாவே திரும்பிப் பாக்கும், மழை முடிஞ்சு அது முட்டையில உக்காந்திருக்கிற நேரமாவும் இருக்கும், எந்திரிச்சுப் போனா காக்காயும் பருந்தும் சும்மா விடாது. பக்கத்துல சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி ஊர்க்காரங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடியே போடுறதில்ல.

ஊர்ல இருக்கிறப்ப கை விட்டுப் போகாம பழகணும்னா அமெரிக்காக்காரங்க பண்றதையே பண்ணுங்க, கார்ல கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு ஓட்டிக்கிட்டே ஊதுறது. ஈசிஆர்ல தேவிபட்டினத்துலருந்து தொண்டி வரைக்கும் ரோடு காலியாத்தான் கெடக்கு. பின் சீட்டுல அத்தா அம்மா இருந்தா மட்டும் மொதல்லயே சொல்லிருங்க.